டிக்கெட் கேட்காத மாளிகை



ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, திருத்தணி கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் நேரத்தில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. காவடி எடுத்தவர்கள், முடி இறக்கியவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு 365 படியும் ஏறியவர்கள் எல்லோரும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பண்டிகை முடிந்தால் நம் வீடுகளில் அடுத்த பேச்சு, எங்கே போகலாம் என்பதுதான். கோயில், கடற்கரை, துணிக்கடை, நல்ல பிரியாணி என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பொது நூலகத்துக்குள் ஒரு மணி நேரம் நுழைந்துவிட்டு வாருங்கள். புத்தகம் படிக்க நேரமில்லையா, பரவாயில்லை. கட்டடத்தையாவது நின்று நிதானமாகப் பாருங்கள்.

எங்கோ தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரில் மின்சார ரயில் ஏறினால் போதும். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, பெரம்பூர் என்று ஓடி, சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அந்த நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அது நடைமேடையும் கூட்டமும் மட்டும்தான். ஆனால் 1985 மே மாதம் தீயில் அழியும்வரை அங்கே நின்றது, 1900-ல் திறக்கப்பட்ட செங்கல் நிறச் சந்தைக் கட்டடம். பழைய புத்தகம் வேண்டுமென்றால் சென்னையில் முதலில் போய்த் தேடும் இடம் அதுதான். பேராசிரியர்களும் பள்ளிப் பையன்களும் அங்கே ஒரே குவியலைக் கிளறினார்கள். தீக்குப் பிறகு கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆக, நம் ஊர் ரயில் போய் நிற்கிற இடமே புத்தக வாசனை வீசிய இடம்தான்.

அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் எழும்பூர். இறங்கி, பாந்தியன் சாலைக்கு ஓர் ஆட்டோ பிடித்தால் அருங்காட்சியக வளாகம். அதற்குள்ளேதான் இருக்கிறது கன்னிமாரா பொது நூலகம்.

அண்மையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கி, அமராவதிச் சிற்பங்களையும் வெண்கலச் சிலைகளையும் பார்த்துவிட்டு நூலகம் பக்கம் வந்தோம். முகப்பை அண்ணாந்து பார்த்தவள் கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டாள்: “மாமா, இதுக்கு எவ்வளவு டிக்கெட்?”

“இதுக்கு டிக்கெட் கிடையாதும்மா.”

“இவ்வளவு பெரிய கட்டடத்துக்கா?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் அனுபவத்தில் அழகான கட்டடம் என்றால் ஒன்று அரண்மனையாக இருக்கும், அல்லது பணக்கார ஹோட்டலாக இருக்கும், அல்லது கோயிலாக இருக்கும். அரண்மனையை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். ஹோட்டலை வெளியிலிருந்தே பார்க்கிறோம். கோயிலில் பக்தியோடு நுழைகிறோம். பணமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம், படிக்க ஆசை இருந்தால் போதும், வந்து உட்கார் என்று சொல்லும் மாளிகை நம் ஊர்ப்பக்கத்தில் வேறு எது?

அந்த மாளிகையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890 மார்ச் 22 அன்று அடிக்கல் நாட்டியவர் அப்போதைய சென்னை ஆளுநர் கன்னிமாரா பிரபு. கட்டடம் முடிந்து 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டபோது அவர் பதவியை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சிம்லாவின் வைஸ்ராய் மாளிகை, மைசூர் அரண்மனை என்று பெரிய மாளிகைகளை வடிவமைத்த கை அது. நம் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் பங்கு உண்டு. கட்டி முடித்த ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றமும், இந்த அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கும் இளஞ்சிவப்புக் கல் கட்டடமான விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் எழுப்பியவைதான். கணித மேதை ராமானுஜன் தம் கடைசி நாள்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருடைய வீட்டில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

முகலாய வளைவும் ஐரோப்பியக் கோபுரமும் நம் ஊர் வேலைப்பாடும் கலந்த அந்தப் பாணியை இந்தோ சாரசெனிக் என்பார்கள். வெளியே நின்று பார்க்கும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வரும். உள்ளே பழைய கூடத்துக்குள் போனால் பெயர் மறந்துவிடும். உயர்ந்து வளைந்த மேற்கூரை. அதில் இலையும் பூவுமாக ஓடும் வேலைப்பாடு. வண்ணக் கண்ணாடிகள். சுவரோரமாகத் தேக்கு மர அலமாரிகள். தேர்ச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கும் மரச் சிற்பத்தைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. அந்தக் கண்ணுக்கு இந்தத் தேக்கு வேலை அந்நியமாகத் தோன்றாது. நம் தச்சர்களின் உளி அங்கேயும் பேசுகிறது.

அழகுக்காக மட்டும் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1896-ல் சென்னையில் வீட்டுக்கு வீடு மின்சாரம் இல்லை. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும் என்ற வசதி எதுவும் இல்லாமல், சித்திரை வெயிலில் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதனால்தான் கூரை அவ்வளவு உயரம். சூடான காற்று மேலே போய்விடும், படிப்பவர் தலைக்கு மேல் தங்காது. உயரத்தில் வைத்த கண்ணாடி, வெயிலின் கூச்சத்தைக் குறைத்து வெளிச்சத்தை மட்டும் மேசைக்கு அனுப்பும். தடித்த சுவர் வெப்பத்தையும் தெருச் சத்தத்தையும் வெளியே நிறுத்தும். ஒவ்வோர் அலங்காரத்துக்குப் பின்னாலும் படிக்கிறவரின் கண்ணும் முதுகும் வியர்வையும் யோசிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நூலகத்தைப் பார்க்கப் போனால் இதைத்தான் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது? மேல் தட்டுப் புத்தகம் குள்ளமானவருக்கு எட்டுமா? வயதானவர் படி ஏறாமல் நுழைய முடியுமா? இந்த நான்கு கேள்விக்கும் கிடைக்கும் பதில், அந்த ஊர் தன் வாசகர்களை எப்படி நடத்துகிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு சிறு குறிப்பு: பழைய கட்டடம் அரிய நூல்களைப் பாதுகாக்கும் இடம். எல்லா நேரமும் எல்லோரும் நுழைந்து சுற்றிவர முடியாது. முன்கூட்டியே நூலக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அன்றாடப் படிப்பெல்லாம் 1970களில் எழுந்த பக்கத்துப் புதிய கட்டடத்தில் நடக்கிறது. அதற்கு மாளிகைக் களை இல்லை. ஆனால் போட்டித் தேர்வுக்குக் குனிந்த தலை நிமிராமல் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

இன்னொரு சேதி, நம் இதழோடு சம்பந்தப்பட்டது. 1954-ல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். கொல்கத்தா, மும்பை, டெல்லி, நான்காவது நம் கன்னிமாரா. 1956-ல் இதழ்களும் அதில் சேர்ந்தன. பெரிய எழுத்தாளரின் நாவலும், ஒரு கிராமத்து ஆசிரியர் தம் காசில் போட்ட கவிதைத் தொகுப்பும், இப்போது உங்கள் மடியில் இருக்கும் இந்த இதழும் சட்டத்தின் முன்னால் ஒரே வரிசை.

நூலகத்துக்குப் போங்கள் என்று திருத்தணியிலிருந்து சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மலையின் பெயரோடு சேர்ந்து நினைக்கப்படும் பெரியவர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பாருங்கள். புத்தகத்துக்காக அலைந்த கதை மறுபடி மறுபடி வரும்.

வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நீதித்துறையில் வேலை. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாடல் அவரைப் பிடித்துக்கொண்டது. பாடல்கள் யார் யார் வீட்டுப் பரணிலோ ஏட்டுச் சுவடியாகக் கிடந்தன. வேலை நிமித்தம் போன ஊர்களிலெல்லாம் விசாரித்து, கேட்டு, வாங்கி, படியெடுத்து, 1894-ல் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவந்தார். தணிகை முருகன்மேல் அளவு கடந்த பக்தி கொண்டவர் அவர். அவர் மகன் செங்கல்வராய பிள்ளையைத் தமிழுலகம் தணிகைமணி என்றே அழைத்தது. இன்று படி உற்சவத்தில் நாம் பாடும் பாடல்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் வாசல் வாசலாக ஏறி இறங்கிய கதை இருக்கிறது.

அடுத்து, 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தவர், தத்துவத்தை எடுத்துப் படித்ததே தற்செயல் என்பார்கள். வீட்டில் வசதி இல்லை. படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். புத்தகம் கைக்கு வந்ததால் பாடமும் முடிவாகிவிட்டது.

மூன்றாமவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. நம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்ததற்குப் போராடியவர். அதற்காக ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். பழைய புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குத் தேடி வாங்கினார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசும் சில நாள் புத்தகமாக மாறியது, வயிறு காய்ந்தது. அப்படிப் படித்தவர்தான் வள்ளலாரைப் பற்றி எழுதிய நூலுக்காக 1966-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்.

மூவரும் வென்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் பரணில் சுவடி செல்லரிக்கும் முன் ஒரு சுப்பிரமணிய பிள்ளை வராத ஊர்கள் எத்தனை? பாடநூல் தந்து உதவ உறவினர் இல்லாத பிள்ளைகள் எத்தனை? பட்டினி கிடந்து புத்தகம் வாங்கும் வைராக்கியம் எல்லோருக்கும் வந்துவிடுமா? வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயமா? புத்தகம் கிடைப்பதை அதிர்ஷ்டத்தின் கையிலிருந்து எடுத்து உரிமையின் கையில் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பொது நூலகம் என்று பெயர்.

அந்த ஏற்பாட்டை நமக்குச் சட்டமாக்கித் தந்ததும், பயணம் போன இடத்தில் நூலகங்களைச் சுற்றிப் பார்த்த ஒரு மனிதர்தான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை, வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். பயிற்சிக்காக லண்டன் அனுப்பினார்கள். போன இடத்தில் ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். குழந்தைகளும் கூலி வேலைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் தங்கள் சொந்த இடம்போல வந்து போவதைக் கண்டார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம், 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்று ஓயாமல் உழைத்தார். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் துணை நிற்க, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதன்கீழ்தான் 1950-ல் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனது. ஆகஸ்ட் 12-ஐ ரங்கநாதன் நினைவாகத்தான் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தச் சட்டம் நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் மறைமுகமாகக் கட்டுகிறார். ஆகவே என் அக்கா மகளின் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இதுதான்: டிக்கெட் காசை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். நூலகத்துக்குள் விருந்தாளியாகத் தயங்கி நுழைய வேண்டாம். பங்குதாரராக நுழையலாம்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கே கேட்கலாம்: படிப்பு முக்கியமா, கட்டடம் முக்கியமா? மன்னார்குடிப் பக்கத்தில் 1931-ல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினாரே, அதற்கு என்ன கூரை, என்ன தேக்கு? உண்மைதான். அந்த வண்டிக்கு ஈடான நூலகம் எந்த நகரத்திலும் இல்லை. புத்தகம் போய்ச் சேர வண்டியே போதும். ஆனால் சேர்ந்த புத்தகத்தை உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும். ஓர் அறை வீட்டில், டி.வி. சத்தத்துக்கும் தம்பி தங்கை சண்டைக்கும் நடுவே படிக்கிற பெண்ணுக்கு, நாற்காலியும் வெளிச்சமும் அமைதியும் புத்தகத்தைவிடக் குறைந்த தேவை இல்லை.

2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இதைப் புரிந்துகொண்ட கட்டடம். ஒன்பது தளம், கண்ணாடி வழியே கொட்டும் வெளிச்சம், குழந்தைகள் பகுதியின் நடுவே ஒரு செயற்கை மரம், பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். அலமாரியில் ஒரு புத்தகத்தையும் தொடாமல், இடத்துக்காக மட்டும் வருகிறவரையும் வாசகர் என்று மதிக்கும் மனசு அது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. தெற்கே போகிறவர்கள் மீனாட்சியைப் பார்த்த கையோடு அங்கேயும் ஓர் எட்டு போய்வாருங்கள்.

கட்டடத்துக்கு மனிதர்கள் எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1959-ல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வடிவமைத்தது சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1981-ல் மே கடைசி இரவு தொடங்கி மூட்டிய தீயில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. சுவடிகளும் போயின, மறுபடி கிடைக்காதவை. பின்னாளில் அந்த நூலகத்தை எழுப்பியபோது, அதே வெள்ளைக் குவிமாடத்தோடு, பழைய உருவத்திலேயே எழுப்பினார்கள். புதிய பாணியில் ஒரு கட்டடத்தைக் கட்டிப் புத்தகங்களை அடுக்கியிருந்தாலும் நூலகம் இயங்கியிருக்கும். ஊர் கேட்டது அதே நூலகத்தை.

இனி நம் ஊருக்கு வருவோம். திருத்தணி வட்டாரத்தில் கன்னிமாரா போல ஒன்றைக் கட்டு என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கன்னிமாராவைப் பார்த்துவிட்டு வந்த கண் நம் கிளை நூலகத்தைச் சும்மா பார்க்காது. மழைக்கு ஒழுகும் மூலையைக் கவனிக்கும். திறக்காத ஜன்னலைக் கவனிக்கும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று விசாரிக்கும். எல்லையோர ஊர் நம்முடையது, தமிழோடு தெலுங்கும் பேசும் வீடுகள் ஏராளம். எல்லைக்கு அந்தப் பக்கம் அய்யங்கி வெங்கட ரமணய்யா நூலக இயக்கத்துக்கே வாழ்வைக் கொடுத்தவர். நம் நூலகத்தில் தெலுங்குக்கும் ஓர் அலமாரி இருக்கிறதா என்று அந்தக் கண் தேடும். பெரிய நூலகத்தைப் போய்ப் பார்ப்பதன் பயன் அதுதான். ரங்கநாதனுக்கு லண்டன் செய்ததை, நமக்கு எழும்பூர் செய்யட்டும்.

அடுத்த இதழ் முதல் ‘எங்கள் ஊர் நூலகம்’ என்றொரு பகுதி தொடங்குகிறோம். உங்கள் ஊர் நூலகக் கட்டடத்தைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புங்கள். எப்போது கட்டியது, இடம் கொடுத்தது யார், வெளிச்சம் எப்படி, எந்த நேரத்தில் எந்த நாற்காலிக்குப் போட்டி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். குறையிருந்தால் தயங்காமல் எழுதுங்கள், வாரம் தவறாமல் தூசி தட்டி வைக்கும் நூலகரைப் பற்றி இரண்டு வரி பாராட்டையும் மறக்காமல் சேருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. வரும் கடிதங்களில் உள்ள கோரிக்கைகளைத் தொகுத்து, நவம்பர் 14-ல் தொடங்கும் தேசிய நூலக வாரத்தில் மாவட்ட நூலக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

அதற்குள் ஒரு நாள் எழும்பூருக்கு ரயில் ஏறுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் எவ்வளவு என்று அவர்கள் கேட்டால், வரி ரசீதைப் பற்றிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்